"நல்லா பயமுறுத்தி விடுங்க மேடம்"

இந்த வாரத்தில் மட்டும் இது மூன்றாவது முறை. உட்காருவதற்கு முன்பே அம்மா ஆரம்பித்துவிட்டார்: "நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கிறான் மேடம். எந்நேரமும் சிப்ஸ், குளிர்பானம். நீங்க நல்லா பயமுறுத்தி விடுங்க." பக்கத்தில் 14 வயதுப் பையன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் காதை மூடியாயிற்று.

நான் உளவியல் ஆலோசகர். பூச்சாண்டி இல்லை.

ஜங்க் ஃபுட் ஏன் கெடுதல் என்று இங்கே எழுதப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும், அந்தப் பையனுக்கும் தெரியும். சர்க்கரை, உப்பு, கொழுப்பு என்று என்னைவிட வேகமாக ஒப்பிப்பான். தெரியாமல்தான் சாப்பிடுகிறார்கள், எடுத்துச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறோம். சொல்லியும் விடவில்லையா, அப்போது பயம் காட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். இந்த இரண்டாவது நினைப்புதான் எனக்கு எரிச்சல்.

நாற்பது வயதில் வரப்போகும் நோயைக் காட்டிப் பதினான்கு வயதை மிரட்ட முடியாது. அப்படியே பயந்தாலும், என்ன செய்வது என்று தெரியாத பயம் வெறும் படபடப்புதான். படபடப்பு வந்தால் பலருக்குக் கை போவது அதே பாக்கெட்டுக்குத்தான். வந்த பயத்தை எப்படியாவது தள்ளிவிடத்தான் மனசு பார்க்கும்: "எங்க தாத்தா எல்லாத்தையும் சாப்பிட்டுத்தானே எண்பது வயசு இருந்தார்?" இதை வாரம் ஒருவராவது என்னிடம் சொல்கிறார்கள்.

தடை போட்டாலும் இதே கதைதான். நம் சுதந்திரத்தில் ஒருவர் கை வைத்தால், அவர் தடுத்த பொருள் மேலேயே ஆசை கூடும் என்று ஜேக் பிரெம் என்ற உளவியலாளர் 1966இலேயே எழுதிவிட்டார். 1999இல் வெளியான ஓர் ஆய்வில், ஃபிஷர், பெர்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சின்னக் குழந்தைகளின் கண்ணெதிரே ஒரு தின்பண்டத்தை வைத்து, கொஞ்ச நேரம் மட்டும் எடுக்க விட்டார்கள். குழந்தைகளின் பேச்சும் கவனமும் அதன் மேலேயே போயின. அலமாரியின் மேல்தட்டில் பிஸ்கட் டப்பாவை வைத்துவிட்டுக் காவல் இருக்கும் பெற்றோரே, அந்த டப்பாவுக்கு விளம்பரம் செய்வது நீங்கள்தான்.

"மனக்கட்டுப்பாடு இல்லை" என்று திட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழுவினர் 20 பெரியவர்களைத் தங்கவைத்து, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரண உணவும் கொடுத்தார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம். பரிமாறிய சர்க்கரை, கொழுப்பு, உப்பெல்லாம் ஒரே அளவில் வரும்படி பார்த்துக்கொண்டார்கள். அப்படியும் பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில், தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. எனக்கும் மாலை நாலு மணிக்குக் கை தானாக மேஜை டிராயருக்குப் போய்க்கொண்டிருந்தது. படித்த படிப்பு எதுவும் தடுக்கவில்லை, டிராயரைக் காலி செய்த பிறகுதான் நின்றது.

அதனால் ஒளித்து வைக்காதீர்கள், வாங்காமல் இருங்கள். உங்களுக்கென்று தனியாக ஒரு பாக்கெட்டும் வேண்டாம். நல்ல மார்க்குக்குப் பரிசாகப் பீட்சா கொடுத்து அதைச் சிம்மாசனத்தில் ஏற்றாதீர்கள். ஒரு நாள் தவறிவிட்டால், "இன்னைக்குப் போச்சு, திங்கட்கிழமை பாத்துக்கலாம்" என்று மொத்தப் பாக்கெட்டையும் முடிக்காதீர்கள், அடுத்த வேளைச் சாப்பாட்டிலேயே திரும்பிவிடலாம். அப்புறம், கெஞ்சிக் கேட்கிறேன், சொந்தக்காரர்கள் முன்னால் பிள்ளையின் உடம்பைக் கிண்டல் செய்யாதீர்கள். அந்த ஒரு வார்த்தையைச் சரிசெய்ய எனக்குப் பல மாதம் ஆகிறது.

வளரிளம் பிள்ளைகளிடம் எடுபடுவது வேறு. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் எட்டாம் வகுப்பு மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான ஆரோக்கியப் பாடம் நடந்தது. மற்றவர்களுக்கு, உணவு நிறுவனங்கள் ஆசையைத் தூண்ட என்னென்ன தந்திரம் செய்கின்றன என்று காட்டினார்கள். மறுநாள் தின்பண்டம் தேர்ந்தெடுத்தபோது, ஏமாற மாட்டோம் என்று ரோஷப்பட்ட இந்த இரண்டாவது கூட்டம்தான் நல்லதை அதிகம் எடுத்தது.

சிப்ஸ் பையனிடம் அதுவரைகூடப் போகவில்லை. அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, "இதுல உனக்கு எது தொந்தரவா இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, கால்பந்தில் இரண்டாம் பாதியில் வயிறு கனத்து ஓட முடியவில்லை என்றான். ஆட்டத்துக்கு முன்னால் குளிர்பானத்தை விட்டுப் பார்க்கிறேன், சிப்ஸைப் பற்றி இப்போது கேட்காதீர்கள் என்றான். சரி என்றேன்.

கதவைத் திறந்ததும் அம்மா எழுந்து வந்தார். "நல்லா பயமுறுத்தினீங்களா மேடம்?"