ஹரம்பே: சுயஉதவி இல்லை, கூடி இழுப்பது

"அரசு அலுவலர்கள் சுயஉதவியில் ஈடுபடக் கூடாது: கென்ய அதிபர் உத்தரவு." இப்படி ஒரு மொழிபெயர்ப்புத் தலைப்பு கண்ணில் பட்டது. தனக்குத்தானே உதவிக்கொள்வதை எந்த அதிபராவது தடுப்பாரா? அங்கே அலுவலர்கள் தங்கள் சட்டையைத் தாங்களே துவைத்துப் போட்டால்கூடக் குற்றமா? ஒரு தடவை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். கென்யாவைப் பற்றி எதைத் தமிழில் படித்தாலும் இந்தச் "சுயஉதவி" வந்து நிற்கிறது.

மூலத்தில் இருந்த சொல் ஹரம்பே. கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாகிலியின் சொல். பாரம் தூக்குகிறவர்களும் கயிறு இழுக்கிறவர்களும் மூச்சுப் பிடித்துச் சேர்ந்து போடும் குரல் அது. "எல்லாரும் சேர்ந்து இழு" என்பது பொருள். 1963இல் கென்யா விடுதலை பெற்றபோது, பின்னர் முதல் அதிபரான ஜோமோ கென்யாட்டா இதைப் புது நாட்டின் முழக்கமாக்கினார். கையில் ஈயோட்டியை வீசியபடி பேசி, கடைசியில் "ஹரம்பே!" என்று நீட்டிக் கூவுவார், கூட்டமும் குரல் கொடுக்கும். நாட்டுச் சின்னத்தில் இரண்டு சிங்கங்களுக்குக் கீழே அந்தச் சொல்தான் இருக்கிறது. கால்பந்து அணிக்குப் பெயர் ஹரம்பே ஸ்டார்ஸ், அதிபர் அலுவலகம் இருக்கும் கட்டடம் ஹரம்பே ஹவுஸ்.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்தைப் பார்த்துச் சிலர் "ஹராம்பீ" என்று எழுதுகிறார்கள். சுவாகிலியில் அந்த எழுத்துக்கு ஏகார ஒலிதான், ஈகாரம் கிடையாது. தமிழில் அப்படி எழுதினால் முன்பாதியும் நன்றாயில்லை, பின்பாதி அதைவிட மோசம்.

பிறப்பைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. 1896 முதல் 1901 வரை கென்யாவின் மொம்பாசா துறைமுகத்திலிருந்து ரயில் பாதை போட்டபோது இந்தியாவிலிருந்து சுமார் 32,000 தொழிலாளர்கள் போனார்கள். அவர்கள் "ஹர ஹர அம்பே" என்று அம்மனைக் கூப்பிட்டுத் தண்டவாளம் தூக்கினார்கள். அதுவே ஹரம்பே ஆனது என்று. கேட்க இனிமையான கதை, உறுதியான சான்றுதான் இல்லை. ஒலி ஒத்துப்போனால் உறவு என்றால் நாமும் உரிமை கொண்டாடலாமே. நம் கடற்கரையில் வலை இழுக்கும் பாட்டுக்கு அம்பாப் பாட்டு என்றுதான் பெயர். தயவுசெய்து இதை எடுத்துக்கொண்டு "ஹரம்பே தமிழ்ச்சொல்லே" என்று கிளம்பிவிடாதீர்கள்.

சரி, சுயஉதவி எங்கிருந்து வந்தது? கென்யாவில் 1960களிலும் 70களிலும் அரசுக்குக் காத்திராமல் ஊர் மக்களே பணமும் உழைப்பும் போட்டுப் பள்ளிக்கூடங்கள் கட்டினார்கள். ஹரம்பே பள்ளிகள் என்றே அவற்றுக்குப் பெயர். இப்படிப் பணம் திரட்டக் கூடும் கூட்டத்துக்கும் ஹரம்பே என்றே பெயர். இதை விளக்கிய ஆங்கில ஆய்வாளர்கள் தங்கள் மொழியில் இருந்த "செல்ஃப் ஹெல்ப்" என்ற சொல்லைப் போட்டார்கள். நம்மவர்கள் சுவாகிலிப் பக்கமே எட்டிப் பார்க்காமல் அந்த ஆங்கிலத்தைப் பிரித்து, "சுய" ஒன்று, "உதவி" ஒன்று என்று ஒட்டிவிட்டார்கள். தமிழ் படிக்கிறவருக்குச் சுயஉதவி என்றதும் நினைவுக்கு வருவது மகளிர் குழு, வாரக் கூட்டம், வங்கிக் கடன். கென்யா எங்கோ போய்விடுகிறது.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் இதைத் திருத்துவதாகச் சொல்லித் "தன்னுதவி" என்றார். எனக்கும் வடசொல்லைக் குறைத்து எழுதத்தான் பிடிக்கும். ஆனால் பிழை "சுய"வின் ஊரில் இல்லை ஐயா, பொருளில் இருக்கிறது! ஹரம்பேயில் "தன்" எங்கே வந்தது? ஒருவனால் அசைக்க முடியாததைப் பத்துப் பேர் சேர்ந்து அசைப்பதற்கான குரல் அது. தன்னுதவி என்றால் நேர்எதிர். சொல் தூய்மையானதாம், பொருள் தலைகீழ்.

இன்னொருவர் "மொய்" என்றார். இது கொஞ்சம் யோசிக்க வைத்தது. இரண்டாம் அதிபர் டேனியல் அராப் மோய் பெயரோடு சிலேடையும் பொருந்துகிறது. 1978 முதல் 2002 வரை நீண்ட அவர் ஆட்சியில்தான் ஹரம்பே அரசியல்வாதிகளின் வசூல் மேடையாக ஊதிப் பெருத்தது. சிறப்பு விருந்தினர் நோட்டுக்கட்டோடு வருவார், யார் எவ்வளவு என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். நம் கல்யாண மண்டபத்தை அப்படியே பார்க்கலாம். ஆனால் மொய் கடன். நோட்டில் எழுதி வைத்து, அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்தாக வேண்டும். ஹரம்பேயில் போட்ட பணத்தை யாரும் பணமாகத் திருப்பிக் கேட்பதில்லை, ஓட்டாகத்தான் கேட்பார்கள். 2003இல் வந்த பொது அலுவலர் நெறிமுறைச் சட்டம் அலுவலர்களின் ஹரம்பே வசூலுக்குக் கடிவாளம் போட்டதும் அதனால்தான்.

அப்படியானால் தமிழில் என்ன? "ஊர் கூடித் தேர் இழு" என்று வடக்கயிறோடு நம்மிடம் ஒரு தொடரே இருக்கிறது. முழக்கமாக வந்தால் "கூடி இழு" என்று எழுதலாம். "ஐலசா"தான் குரலுக்குக் குரல் பொருத்தம்; அதை நாம் கேலிச்சொல்லாக்கிவிட்டதால் அதிபர் வாயில் வைக்க முடியவில்லை. நிகழ்ச்சியைக் குறித்தால் "ஹரம்பே வசூல்" போதும். எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டும் என்று யார் சொன்னது? ஒரு நாட்டின் சின்னத்தில் இருக்கும் சொல்லை அப்படியே எழுதினால் தமிழ் ஒன்றும் தேய்ந்துவிடாது.

நிதி மசோதாவை எதிர்த்து இளைஞர்கள் தெருவில் இறங்கி நாடாளுமன்றத்துக்குள்ளேயே நுழைந்த பிறகு, 2024 ஜூலை 5 அன்று அதிபர் வில்லியம் ரூட்டோ சொன்னதைத் தமிழில் இப்படி எழுதியிருக்கலாம்: "ஹரம்பே வசூலில் அரசுப் பொறுப்பில் உள்ளோர் கலந்துகொள்ளக் கூடாது." தலைப்பில் இடமும் இடிக்காது.

அதே ரூட்டோ 2025 மார்ச்சில் நைரோபியில் ஒரு தேவாலயத்துக்கு 2 கோடி ஷில்லிங் கொடுத்தார். அதை மட்டும் யாராவது "சுயஉதவி" என்று மொழிபெயர்த்தால் நான் சண்டைக்கு வர மாட்டேன்.