வெந்திலாதோர்: மின்விசிறியா, விசிறியா, புடைமீட்டா?

பார்சிலோனாவின் இசைக் குடும்பம் ஒன்றைப் பற்றிய ஆவணப்படத்தைச் சென்ற மாதம் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தோம். கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பேரன் தன் தாத்தாவைப் பற்றிப் பேசுகிறான். திரையின் அடியில் தமிழ் வரி ஓடுகிறது: "தாத்தா கடைசி நாள் வரை வென்டிலேட்டரை விடவே இல்லை." பக்கத்திலிருந்த அக்கா, "ஐயோ பாவம், நுரையீரல் கோளாறா?" என்றார். அடுத்த வரி வந்தது: "எனக்கும் ஆறு வயதிலேயே வென்டிலேட்டரைப் பழக்கிவிட்டார்." பேரன் சிரித்துக்கொண்டே சொல்கிறான். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அவன் சொன்னது 'வெந்திலாதோர்'. கத்தலான் ரும்பா என்னும் இசை வகையில் கிட்டார் வாசிக்கும் முறைக்கு அதுதான் பெயர். இந்தச் சொல் தமிழில் அடிபடுவதை நான் காண்பது இது மூன்றாம் முறை. முதல் முறை ஒரு பத்திரிகைக் கட்டுரையில் 'மின்விசிறி' என்று வந்தது. இரண்டாம் முறை ஒரு கலைச்சொல் பட்டியலில் 'விசிறி வாசிப்பு' என்று வந்தது. மூன்றாவதும் வந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். வலக்கை விரல்கள் தந்திகளை வருடிக்கொண்டு கீழே இறங்கும். உடனே கை, தந்திகளின் மேலோ கிட்டாரின் மரப்பலகையின் மேலோ ஓர் அடி அடிக்கும். மேலே ஏறும்போது விரல்கள் மீண்டும் தந்திகளை ஒலிக்கவைக்கும். மணிக்கட்டு ஓயாமல் சுழன்றுகொண்டே இருக்கும். பண்ணும் தாளமும் ஒரே கையிலிருந்து வரும். கியூபாவின் ரும்பாவுக்கு முரசுகள் உண்டு. பார்சிலோனாவின் ஹிதானோ (ஜிப்சி என்று பிறர் அழைக்கும் ஸ்பெயினின் ரோமா மக்கள்) குடும்பங்கள் 1950களில் அந்தத் தாளத்தைத் தம் வழிக்குக் கொண்டுவந்தபோது கிட்டாரும் கைதட்டலுமே அடிப்படையாக நின்றன. அதனால் கிட்டாரே முரசாயிற்று.

சொல்லின் பிறப்பு எளிது. காற்றைக் குறிக்கும் லத்தீன் 'வெந்துஸ்', அதிலிருந்து 'வெந்திலாரே', அதிலிருந்து ஸ்பானியத்திலும் பார்சிலோனா வட்டார மொழியான கத்தலானிலும் 'வெந்திலாதோர்'. எழுத்து இரு மொழிக்கும் ஒன்றே. கத்தலான்காரர்கள் கடைசி ரகரத்தை விழுங்கிவிடுவார்கள். இன்று அகராதியில் அதன் பொருள் மின்விசிறி. கை சுழல்வது விசிறி இறக்கை சுழல்வதுபோல் இருப்பதால் வந்த பட்டப்பெயர்.

அப்படியானால் மின்விசிறி என்று எழுதியவர் செய்தது சரிதானே என்று கேட்கலாம். அகராதிப்படி சரி. 'தாத்தாவிடம் மின்விசிறி கற்றேன்' என்று எழுதிவிட்டு அதைத் திரும்பப் படிக்காமல் அச்சுக்கு அனுப்பியதுதான் குற்றம். பட்டப்பெயரை மொழிபெயர்க்கிறவர் அகராதியோடு நின்றுவிட்டால் 'கட்டைவிரல்' என்பதற்கு மரத்தாலான விரல் என்று பொருள் எழுதிவிடுவார். அவரோடு எனக்குப் பெரிய வழக்கு இல்லை. அந்தச் சொல் தானே உதிர்ந்துவிடும்.

என் வழக்கு 'விசிறி வாசிப்பு' என்பதோடுதான். அதை ஆக்கியவர் யோசித்து ஆக்கியிருக்கிறார். மின்சாரத்தைக் கழற்றிவிட்டார், தூய தமிழ் வினையிலிருந்து சொல் எடுத்தார், கையின் அசைவையும் பிடித்திருக்கிறார். இருந்தும் அந்தச் சொல் நிற்காது.

முதல் காரணம், விசிறி என்ற சொல்லை நாமே கெடுத்து வைத்திருக்கிறோம். நடிகருக்கு விசிறி, கிரிக்கெட் வீரருக்கு விசிறி. ஆங்கிலத்தில் ரசிகரைக் குறிக்கும் 'ஃபேன்' என்ற சொல் வெறியரைக் குறிக்கும் 'ஃபனாட்டிக்' என்பதன் குறுக்கம் என்றே அகராதிகள் சொல்கின்றன. காற்று வீசும் 'ஃபேன்' வேறு குடும்பம். எழுத்து ஒன்றுபோல் இருப்பதைப் பார்த்து யாரோ ஒருவர் விசிறி என்று பெயர்த்தார். நாமும் பல்லாண்டுகளாக அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ரசிகர் என்ற அருமையான சொல் வீட்டுக்குள் இருக்கும்போது இந்த வேலை எதற்கு? அது கிடக்கட்டும். 'விசிறி வாசிப்பு' என்றால் இன்றைய வாசகர் மனத்தில் எழுவது, மேடைக்குக் கீழே நிற்கும் ரசிகர் ஏறி வந்து வாசிக்கும் காட்சிதான்.

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. விசிறுதலில் அடி இல்லை. விசிறும் கை எதன்மேலும் படாது. பட்டால் அது விசிறுதல் ஆகாது. வெந்திலாதோரின் உயிரோ அந்த அடியில் இருக்கிறது. அடியை எடுத்துவிட்டால் எஞ்சுவது எந்த விருந்திலும் எந்த இளைஞரும் வாசிக்கும் சாதாரணக் கிட்டார் வருடல். பார்சிலோனாவின் கிராசியாப் பகுதிக்காரர்கள் இந்த முறையைத் தொடங்கியவர் தங்கள் அந்தோனியோ கொன்சாலஸ் என்பார்கள். 'எல் பெஸ்காயிய்யா' என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட அவர் 1925இல் பிறந்து 1999இல் மறைந்தார். ராவல் பகுதியின் சேரா தெருக்காரர்கள் இல்லை, பெரெத்தான் என்பார்கள். மத்தரோவில் 1935இல் பிறந்த பெரெ புபிய் கலாஃபுக்குப் பெரெத் என்று பெயர், 2014இல் மறைந்தார். இரு தரப்பும் விட்டுக்கொடுத்ததே இல்லை. பாட்டு யாருடையது, மெட்டு யாருடையது என்பதைவிடக் கிட்டாரை முதலில் அடித்த கை யாருடையது என்பதே அந்தச் சண்டையின் உள்ளுறை. சண்டையின் கருப்பொருளையே விட்டுவிட்ட பெயரை வைத்துக்கொண்டு அந்தச் சண்டையை எப்படித் தமிழில் சொல்வது?

என் பரிந்துரை புடைமீட்டு. புடைத்து மீட்டுதல்.

லத்தீனின் 'வெந்திலாரே' என்ற வினைக்கு விசிறுதல் மட்டுமல்ல, தானியத்தைக் காற்றில் எறிந்து பதரை நீக்குதலும் பொருள். அந்த வேலையைச் செய்பவரைத்தான் லத்தீன் 'வெந்திலாத்தோர்' என்றது. காற்று வீசும் ஆங்கில 'ஃபேன்'கூடத் தொடக்கத்தில் முறம்தான். இனித் தமிழுக்கு வாருங்கள். நெல்லைச் சுத்தம் செய்ய நமக்கு ஒரு சொல் அல்ல: தூற்றுதல், புடைத்தல், கொழித்தல். லத்தீன் வினைக்கு நேர்ப்பொருள் தூற்றுதல்தான். ஆனால் 'தூற்று மீட்டு' என்றால் யாரையோ திட்டிப் பாடுவதுபோல் ஆகிவிடும். புடைத்தலைப் பாருங்கள். முறத்தில் அரிசியை எம்பவிட்டுத் தட்டுவதும் புடைத்தல், ஒருவனை அடித்து நொறுக்குவதும் புடைத்தல். 'நையப் புடைத்தான்' என்று இன்றும் சொல்கிறோம். அசைவும் அடியும் ஒரே வினைக்குள் இருக்கின்றன. அரிசி புடைக்கும் பாட்டியின் மணிக்கட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கிட்டார்க்காரரின் மணிக்கட்டை விளக்கவே வேண்டாம்.

இதற்கு எதிராக வரக்கூடியவற்றையும் நானே சொல்லிவிடுகிறேன். பார்சிலோனாவில் அந்தப் பட்டப்பெயரை வைத்தவருக்கு முறமும் தெரியாது, நெல்லும் தெரியாது. அவர் கண்டது மின்விசிறிதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டப்பெயர் வைத்தவரின் நினைப்பைக் காப்பதைவிட, பெயர் சுட்டும் வேலையைக் காட்டுவதே கலைச்சொல்லின் கடமை. புடைப்பு என்றால் வீக்கம், புடைப்புச் சிற்பம் என்றெல்லாம் வேறு பொருள் உண்டே என்பார்கள். அதனால்தான் வெறும் புடைப்பு என்று விடாமல் மீட்டு என்பதைச் சேர்த்தேன். மூலச் சொல்லையே வைத்துக்கொள்ளலாமே என்பார்கள் சிலர். வைத்துப் பாருங்கள்: வெந்திலாதோர். வேகாதவர்கள் என்று பொருள் வருகிறது.

எனக்கு இதைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. அந்தச் சொல்லிலிருந்து ஓர் ஏவல் பிறக்க வேண்டும். ஏனென்றால் இந்தக் கலை ஏவலால்தான் கைமாறுகிறது. அடியை ஐந்து கோட்டு இசைக்குறிப்பில் எழுதுவது கடினம். எழுதினாலும் அதைப் படித்து வாசிப்பவர் கையில் உயிர் இருக்காது. கிராசியா, சேரா தெரு, ஒஸ்தாஃபிராங்ஸ் ஆகிய பகுதிகளின் குடும்பங்களில் குழந்தை முதலில் திருமண வீட்டில் கைதட்டக் கற்றுக்கொள்ளும். தட்டுத் தவறாமல் விழத் தொடங்கிய பிறகு மாமனோ தாத்தாவோ கிட்டாரைக் கையில் கொடுப்பார். அப்போது அவர் என்ன சொல்வார்? 'மின்விசிறி' என்பதிலிருந்து ஏவலே வராது. 'விசிறு' என்றால் பிள்ளை காற்றில் கையை ஆட்டும். 'புடை' என்றால் அடி விழும்.

இந்தக் கைமாற்றம் அறுந்துபோகும் நிலைக்கு வந்ததும் உண்டு. பெரெத் 1974இல் ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷன் மேடையில் ஸ்பெயினுக்காகப் பாடியவர். 1980களின் தொடக்கத்தில் இசையை விட்டுவிட்டு நற்செய்திச் சபையின் போதகரானார். கொன்சாலஸ், புகழ்பெற்ற பாடகி லோலா ஃபுளோரஸை மணந்து மத்ரித்தில் மனைவியின் நிழலில் வாழ்ந்தார். அந்த இடைவெளியில் ரும்பாவுக்குப் புதுப் பாடல்களைக் கொடுத்தவர் குடும்பத்துப் பிள்ளை அல்ல. புவேனோஸ் ஐரெஸில் பிறந்து பார்சிலோனாவுக்கு வந்த காத்தோ பெரெஸ். அவரும் 1990இல், நாற்பது வயதைத் தொடாமலே போனார். 1992 ஒலிம்பிக் நிறைவு விழாவில் பெரெத்தும் லோஸ் அமாயா, லோஸ் மனோலோஸ் குழுக்களும் ரும்பா பாடியபோது உலகம் அதைப் பார்த்தது. பிறகு கிராசியாவிலிருந்து சபோர் தெ கிராசியா என்ற குழு வந்தது. ரும்பாவோடு ஹிப்ஹாப்பைக் கலந்த ஓஹோஸ் தெ புருஹோ வந்தது. எத்தனை கலந்தாலும் அந்த அடி கேட்டால்தான் கிழவர்கள் அதை ரும்பா என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றிப் பேச்செடுத்தாயிற்று, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே ஆவணப்படம் ஹிதானோக்களை 'நாடோடிகள்' என்கிறது. 1447ஆம் ஆண்டிலேயே பார்சிலோனாவுக்குள் வந்தவர்கள் அவர்கள். கிராசியாவின் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அதே சதுக்கத்தைச் சுற்றி வாழ்கின்றன; வீட்டில் பேசுவதும் கத்தலான் மொழிதான். அந்த வரிகளை எழுதியவர் இதுவரை எத்தனை வாடகை வீடு மாறியிருப்பாரோ, அவர் இவர்களை நாடோடி என்கிறார். அதோடு நில்லாமல் ரும்பாவை 'நாடோடி இசை' என்று எழுதும்போது, நாட்டுப்புறப் பாடலை நாடோடிப் பாடல் என்று சொல்லும் நம் பழைய வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. மக்கள் யார், இசை எது என்ற இரண்டும் ஒரே சொல்லில் தொலைகின்றன. நகரத்துக் குடியிருப்பில் பிறந்து, இசைத்தட்டில் வளர்ந்த இசையை எந்தக் கணக்கில் நாட்டுப்புறத்தில் சேர்ப்பது? ஹிதானோ என்றே எழுதினால் போதும். எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று தவறாக எண்ணி ஊரார் வைத்த பெயர்தான் அதுவும். ஆனாலும் தங்களை அப்படி அழைத்துக்கொள்வது அவர்களே.

ஆவணப்படத்தின் தமிழ் வரிகளைத் தயாரித்த நிறுவனத்துக்கு இதையெல்லாம் சுருக்கி ஒரு கடிதம் எழுதினேன். புடைமீட்டு என்று போட மனமில்லாவிட்டால் 'கிட்டார் அடி' என்றாவது போடுங்கள் என்று கேட்டிருந்தேன். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. ஆங்கிலச் சொல்லைச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி, திருத்திவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். அக்காவைக் கூப்பிட்டு மறுபடியும் படத்தைப் போட்டேன்.

"தாத்தா கடைசி நாள் வரை செயற்கைச் சுவாசக் கருவியை விடவே இல்லை."