நகல் கைக்கு வந்த நாள் கணக்கில் வராது

"நகல் வாங்கிப் பத்து நாள்தானே சார் ஆகிறது? இன்னும் இருபது நாள் இருக்கிறதே!"

மஞ்சள் பையிலிருந்து தீர்ப்பு நகலை எடுத்து நீட்டியபடி அந்த அம்மா கேட்டார். கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பிய வழக்கில் கணவருக்கு ஓராண்டுச் சிறை. மேல்முறையீடு செய்வதற்காக நடுவர் தண்டனையை ஒரு மாதம் நிறுத்திவைத்திருந்தார். அந்த மாதம் முடிந்து, பிடியாணையோடு காவலர் வீட்டுக்கே வந்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த ஆண்டில் என்னிடம் இப்படி வந்தவர்களில் இவர் நான்காமவர். பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

குற்றவியல் நடுவர் தண்டித்தால் அமர்வு நீதிமன்றத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய வழக்கென்றால் 60 நாள். மரண தண்டனைக்கு 30 நாள்தான். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் சொல்லும் கணக்கு இது. நாள் ஓடத் தொடங்குவது தீர்ப்புத் தேதியிலிருந்து. நகல் உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்து அல்ல.

நகல் எடுக்க ஆகும் நாட்களைச் சட்டம் கழித்துத் தருகிறது என்பது உண்மை. ஆனால் எந்த நாட்களை? நகல் மனு போட்ட நாள் முதல் நகல் தயாரான நாள் வரை மட்டும். மார்ச் 3 அன்று தீர்ப்பு, 10 அன்று மனு, 24 அன்று நகல் தயார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிவது 15 நாள். கடைசித் தேதி ஏப்ரல் 17. மனு போடாமல் வீட்டில் இருந்த அந்த ஒரு வாரம் உங்கள் 30 நாளில் செலவாகிவிட்டது. தயாரான நகலை ஏப்ரல் 1 வரை போய் வாங்காமல் இருந்தாலும் அப்படித்தான். நகலைத் திருப்பிப் பாருங்கள்: மனு செய்த நாள், தயாரான நாள், கொடுத்த நாள் எல்லாம் முத்திரைக்குள் இருக்கும். அந்த அம்மா கொண்டுவந்த நகலில், தயாரான நாளுக்கும் வாங்கிய நாளுக்கும் நடுவே மூன்று வாரம். 30 நாள் முழுவதும் போன பிறகு மனு போட்டால் கழிக்க எதுவுமே இல்லை.

ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன். "இருபது சதவீதம் கட்டச் சொல்வார்களாமே, அதைப் புரட்டிக்கொண்டிருந்தோம்." காசோலை வழக்கில் இழப்பீட்டில் குறைந்தது 20 சதவீதத்தைக் கட்டும்படி மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆனால் உத்தரவு வந்த பிறகு அதற்கு 60 நாள் உண்டு. காரணம் காட்டினால் இன்னும் 30 நாள். பணம் இல்லை என்று மேல்முறையீட்டைத் தள்ளிப்போடாதீர்கள், தயவுசெய்து.

காலம் கடந்துவிட்டதா? காலதாமதத்தை மன்னிக்கக் கோரி, தாமதத்துக்கு உண்மையான காரணத்தோடு மனு போடலாம். மருத்துவமனையில் இருந்திருந்தால் அந்தச் சீட்டைக் கொண்டுவாருங்கள். "உடல்நிலை சரியில்லை" என்ற ஒற்றை வரியோடு வராதீர்கள். அந்த மனு முடியும்வரை பிடியாணை தானாக நின்றுவிடாது.

தீர்ப்பு சொன்ன அன்றைக்கே நகல் மனு போடுங்கள். தண்டிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பு நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம்; அதைக் கேட்டு வாங்குங்கள். தண்டனை எந்தத் தேதிவரை நிறுத்தப்பட்டிருக்கிறது என்று அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி மூலமாகவே மேல்முறையீட்டை அனுப்பலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழையுங்கள். காவலில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் அங்கே வருமான வரம்பே கிடையாது.

அந்த அம்மாவின் கணவருக்காகத் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவை மறுநாளே தாக்கல் செய்தோம். அவர் இன்னும் வீட்டுக்குத் திரும்பவில்லை. உறவினர் வீடுகளில் மாறி மாறித் தங்குகிறார்.