ஈரி ஏரிக்குள் ஒரு கோடு

ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரக் கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே போன படகு இன்ஜினை நிறுத்துகிறது. கீழே 18 மீட்டர் தண்ணீர். ஒலியால் அடியைத் துழாவிக் காட்டும் சோனார் திரையில், தரைக்குக் கொஞ்சம் மேலே மங்கலான கோடு ஒன்று நீளமாக ஓடுகிறது. மீன் கூட்டமோ என்று பார்த்தால் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீர் குளிர்ந்த தண்ணீரின் மேல் படுத்திருக்கிற எல்லை அது. கோடையில் ஈரி ஏரியில் மீன் எங்கே நிற்கும் என்று தெரிய வேண்டுமானால், முதலில் அந்தக் கோட்டைப் புரிந்துகொள்ள வேண்டும்.

தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதற்கு மேல் சூடாகச் சூடாக அடர்த்தி குறைந்து மிதக்கும். வெயில் சூடாக்கிய மேல்நீரைக் காற்று கலக்கிக்கொண்டே இருக்கிறது, ஆனால் அந்தக் கலக்கல் அடிவரை எட்டுவதில்லை. ஆழமான கிணற்றில் குதித்தவர்களுக்கு இது தெரியும்: மேலே வெதுவெதுப்பு, கால் பக்கம் சில்லென்று இருக்கும். வெப்பநிலை சட்டென்று விழுகிற அந்த இடைப்பகுதிக்குத் தெர்மோக்ளைன் என்று பெயர்.

வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் ஈரிதான் ஆழம் குறைந்தது, சராசரி 19 மீட்டர். மேற்குப் பகுதி சுமார் 7 மீட்டர்தான். அங்கே காற்று பெரும்பாலும் அடிவரை கலக்கிவிடும். கிழக்கே 64 மீட்டர் வரை ஆழம் உண்டு, குளிர்நீருக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. சிக்கல் நடுப்பகுதியில்தான். அங்கே அடியில் சிக்குகிற குளிர்நீர் சில மீட்டர் கனமே உள்ள மெல்லிய படலம். மேலே வளர்ந்த பாசி செத்து அதற்குள் இறங்குகிறது, பாக்டீரியா அதைச் சிதைக்கும்போது ஆக்சிஜனைத் தின்று தீர்க்கிறது. தெர்மோக்ளைன் மூடிபோல் இருப்பதால் மேலிருந்து புது ஆக்சிஜன் வருவதில்லை. கோடை முடிவதற்குள் ஒரு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போய்விடும். மீன் அங்கே தாக்குப்பிடிக்காது.

இதில் அதிகம் அல்லல்படுவது மஞ்சள் பெர்ச். தரையை ஒட்டிக் கூட்டமாகத் திரிந்து, புழுக்களையும் சிறு மீன்களையும் பொறுக்கித் தின்கிற மீன் அது. தரையில் மூச்சு முட்டினால் என்ன செய்யும்? கோட்டுக்கு மேலே ஏறி நிற்கும், அல்லது மூச்சுவிட முடிகிற ஓரத்துக்கு ஒதுங்கும். ஷைனர் என்கிற சிறிய இரைமீனை முள்ளில் கோத்து, ஈயக் குண்டு தரையைத் தொடும்வரை விட்டு, அங்கேயே காத்திருந்தால் அந்த நாட்களில் வீண்தான். சில சுற்று மேலே இழுத்து, கோட்டுக்கு மேல் நிறுத்த வேண்டும். நேற்றுக் கொத்திய இடம் இன்று வெறுமையாகவும் இருக்கலாம், ஏனென்றால் காற்று இந்த ஏரியையே சாய்க்கும். பலத்த தென்மேற்குக் காற்றில் மேற்கு முனையிலுள்ள டொலிடோ பக்கம் நீர் தாழ்ந்து கிழக்கு முனையிலுள்ள பஃபலோ பக்கம் உயரும். இரண்டு முனைக்கும் 2 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்த நாட்கள் உண்டு. மேல்நீர் அசைந்தால் அடியிலிருக்கும் ஆக்சிஜனற்ற நீரும் இடம் மாறும், பெர்ச்சும் மாறும்.

வால்ஐ மீனின் கதை வேறு. கனடாவில் இதைப் பிக்கரல் என்பார்கள். பெர்ச்சின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் கண் வேறு. இரவில் டார்ச் அடித்தால் பூனைக் கண் மின்னுகிறதே, அதே மாதிரி ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் இதன் விழித்திரைக்குப் பின்னால் இருக்கிறது. கொஞ்சம் வெளிச்சம் இருந்தாலே போதும். பெர்ச்சுக்குப் பகலில்தான் பார்வை. அந்தி மங்கினால் கூட்டம் கலைந்து தரையில் ஓய்ந்துவிடும். அந்த இடைநேரத்தில் வால்ஐ வேட்டைக்குக் கிளம்புகிறது. பரிணாமம் இரு உறவினர்களுக்கு ஒரே ஏரியை நேரம் பிரித்துக் கொடுத்திருப்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை.

சரி, பகலில் வால்ஐ பிடிக்கவே முடியாதா? முடியும். சிற்றலை எழுகிற அளவுக்குக் காற்றிருந்தால் வெளிச்சம் உடைந்து உள்ளே மங்கும், மீன் துணிந்து இரை தேடும். மீனவர்கள் அந்த அலைக்கே 'வால்ஐ சாப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வசந்தத்தில் மாமி (Maumee), சாண்டஸ்கி ஆறுகளிலும் மேற்குப் பாறைத்திட்டுகளிலும் முட்டையிட்ட பிறகு, பெரிய மீன்களில் பல குளிர்ச்சியையும் இரையையும் தேடிக் கிழக்கே போய்விடும். அதனால் கோடையில் நங்கூரம் போட்டு உட்காருவதைவிட, படகை மெதுவாக ஓட்டியபடி போலி இரைகளை வெவ்வேறு ஆழத்தில் இழுத்துப் போவதுதான் பலன் தருகிறது.

இழுத்த மீனை என்ன செய்வது என்பதற்கும் ஆழம்தான் பதில் சொல்கிறது. இவ்விரு மீன்களுக்கும் மிதக்க உதவும் காற்றுப்பைக்கும் வாய்க்கும் இடையே குழாய் கிடையாது. காற்றை உடனே வெளியேற்ற முடியாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரு மடங்கு, 20 மீட்டரில் மும்மடங்கு. வேகமாக மேலே இழுத்தால் பை உப்பி, சிலசமயம் வயிறு வாய்வழியே பிதுங்கும், கண் துருத்தும். அப்படிப்பட்ட மீனைத் தண்ணீரில் விட்டால் கீழே போக முடியாமல் பக்கவாட்டில் மிதக்கும். நாரைக்கும் கடற்காகத்துக்கும்தான் இரையாகும். ஆழத்தில் பிடிக்கிறவர்கள் சிறிய மீன்களே வரத் தொடங்கினால், ஒன்றொன்றாகப் பிடித்து விட்டுக்கொண்டிருக்காமல் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் போய்விடுவது நல்லது.