சீலாத் துண்டும் சூடை முள்ளும்

போன மாதம் ஒரே காலையில் இரண்டு மணிக்கட்டு முறிவுகள். இரண்டு பேரும் அறுபதைத் தாண்டிய பெண்கள், வழுக்கி விழும்போது கையை ஊன்றியவர்கள். முதலாமவர் ராமேஸ்வரத்துச் சைவக் குடும்பம். "நாங்க கவுச்சி தொடுறதில்ல டாக்டர், அதான் எலும்புல வலு இல்லையா?" என்றார். அடுத்தவர் பாம்பனில் மீன் விற்றவர். "பொறந்ததுலேர்ந்து மீனுதான் தம்பி திங்கிறேன், எனக்கு எப்படி ஒடையும்?"

இரண்டு கேள்விக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: மீனும் கறியும் தின்றால் எலும்பு இரும்பாகும். முழுக்கப் பொய்யும் இல்லை. பிரிட்டனில் சுமார் 55,000 பேரைச் சராசரியாக 17 ஆண்டுகளுக்கு மேல் கவனித்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளியானது. கறி உண்பவர்களைவிட, பால்கூடத் தொடாத முழுத் தாவர உணவுக்காரர்களுக்கு இடுப்பு எலும்பு முறிவு இரண்டு மடங்குக்கு மேல். பால் சேர்க்கும் சைவர்களுக்கு ஏறக்குறைய கால் பங்கு அதிகம். கறி இல்லாமல் மீன் மட்டும் சேர்ப்பவர்களுக்கும் அதே கால் பங்கு! இது உடல் எடையைக் கணக்கில் எடுத்த பிறகும் இருந்த வித்தியாசம்; கால்சியம், புரதத்தையும் சேர்த்துப் பார்த்ததும் சற்றுச் சுருங்கியது. அது அவர்கள் ஊர்க் கணக்கு, அப்படியே நமக்குப் பொருத்த முடியாது.

சரி, பாம்பன் அம்மாவிடம் என்ன மீன் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். பல் போனதிலிருந்து சூடை, நெத்திலி எல்லாம் விட்டாயிற்றாம். மகன் பாசமாகச் சீலாத் துண்டு வாங்கித் தருகிறார், நடுமுள்ளை உருவிவிட்டுச் சதையை மட்டும் தட்டில் வைக்கிறார்கள். புரதத்துக்கு அது நல்லதுதான். ஆனால் மீனில் கால்சியம் பெரும்பாலும் முள்ளில்தான் இருக்கிறது. விலை குறைந்த பொடிமீனை முள்ளோடு மென்றபோது கிடைத்தது, விலை கூடிய துண்டில் இல்லை. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்லும் கால்சிய அளவு நாளுக்கு 1,200 மில்லிகிராம்.

ராமேஸ்வரத்து அம்மாவின் சாப்பாடு இரண்டு வேளை காபி, ரசம் சாதம், உருளை வறுவல். குறை சைவத்தில் இல்லை, இந்தத் தட்டில். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. முருங்கைக்கீரையிலும் 300-க்கு மேல். தயிர், கருப்பட்டி எள்ளுருண்டை, தினமும் பருப்போ சுண்டலோ சேர்க்கச் சொன்னேன். (பாலக்கை நம்ப வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.) வெயில் கொளுத்தும் ஊர்தான், ஆனாலும் வீட்டுக்குள்ளேயே இருந்தால் வைட்டமின் டி குறையும், சைவமோ அசைவமோ. இருவருக்கும் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எழுதிக் கொடுத்தேன்.

கட்டுப் பிரிக்க வந்த அன்று பாம்பன் அம்மாவின் மகன், "நெத்திலியக் கொதிக்க வச்சு முள்ளோட மசிச்சுக் குடுக்குறோம் சார். கருவாடும் குடுக்கலாமா?" என்றார். முள்ளோடு தின்னும் கருவாட்டிலும் கால்சியம் உண்டு, ஆனால் உப்பு ஏறினால் சிறுநீரில் கால்சியமும் சேர்ந்து போகும். அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு வேறு. எப்போதாவது கொடுங்கள், ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு என்றேன். அம்மாவுக்கு அதில் அவ்வளவாகச் சம்மதமில்லை.