சந்தைச் சிலுவைக்கு தயவுசெஞ்சு சிமெண்ட் பூசாதீங்க

போன மாசம் இங்கிலாந்துல காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் ஒரு கிராமத்துல சந்தைச் சிலுவையோட, அதாவது சந்தை நடுவுல நிக்கிற பழைய கல் சிலுவையோட, படியைப் பார்க்கச் சொல்லி கூப்பிட்டாங்க. தொட்டா கல்லு மாவா உதிருது, ஆனா இடுக்குல இருக்கிற சிமெண்ட் மட்டும் கிண்ணுன்னு நிக்குது. ரொம்ப வருஷம் முன்னாடி யாரோ நல்ல மனசோட பூசினதுதான், அதான் இன்னும் வருத்தமா இருந்துச்சு.

பழைய கல் கட்டடங்களைப் பழுது பார்க்கிறது என் வேலை. இங்கிலாந்துல வாரச் சந்தை நடத்த உரிமை வாங்கின ஊர்கள்ல, சந்தை நடுவுல நட்டது இந்தச் சிலுவை. காஸில் கூம்ல 14ஆம் நூற்றாண்டுது இன்னும் இருக்கு, கம்பளித் துணியால செழிச்ச ஊர் அது. மால்மஸ்பரில 1490 வாக்குல கட்டினது பெரிய கல் மண்டபம் மாதிரியே இருக்கும், மழை வந்தா ஏழை வியாபாரிங்க நனையாம நிக்கக் கட்டினதுன்னு 16ஆம் நூற்றாண்டுல அங்க போன ஜான் லேலண்ட்ங்கிற வரலாற்று ஆய்வாளர் எழுதி வச்சிருக்கார். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது.

சரி, சிமெண்ட் ஏன் கூடாது? அந்தப் பக்கத்துக் கல்லு சுண்ணாம்புக்கல்லு, தண்ணியை உறிஞ்சும், அப்புறம் காயும். இடுக்குல சுண்ணாம்புக் காரை இருந்தா ஈரம் அது வழியா வெளிய போயிடும், தேய்ஞ்சாலும் காரைதான் தேயும், அதை மறுபடி பூசிக்கலாம். சிமெண்ட் இருந்தா ஈரத்துக்கு வழியில்ல, கல்லு வழியாதான் போகணும், கூடவே உப்பும் வந்து கல்லு முகத்துல படியும், குளிர்காலத்துல உள்ள இருக்கிற தண்ணி உறைஞ்சு கிட்டத்தட்ட 9% பெருகும், முகம் அப்படியே செதில் செதிலா கழண்டு விழும். விழுந்த கல்லுக்கு மாத்து கிடையாது.

பாசி பிடிச்சிருக்குன்னு பிரஷர் வாஷர் அடிக்கிறவங்களும் இருக்காங்க, கம்பி பிரஷ், ஆசிட் எல்லாம் போடுறாங்க. ஆசிட் சுண்ணாம்புக்கல்லையே கரைச்சிடும்ங்க!

நிறைய சிலுவைங்க 1979ல வந்த பழங்காலச் சின்னங்கள் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னம், அனுமதி வாங்காம கை வச்சா குற்றம். அதனால உங்க ஊர்ல ஒண்ணு உதிர்ந்தா போட்டோ எடுத்து முதல்ல கவுன்சில்ல சொல்லுங்க.

அந்தப் படியில சிமெண்ட்டை கிரைண்டர் போடாம உளியாலயே எடுத்துட்டு சுண்ணாம்புக் காரை வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கேன். உறைபனி இல்லாத மாசத்துலதான் செய்யணும், பூசின பிறகு ஈரச் சாக்கு போட்டு மூடி வைக்கணும், சீக்கிரம் காஞ்சா பொடிஞ்சிடும்.