மிளகாய்த் தொட்டியின் அடியில் தேங்கும் நீர்

பாத்திரம் தேய்க்கும் பஞ்சு ஒன்றை நீரில் நன்றாக முக்கி, உள்ளங்கையில் படுக்கைவாட்டில் வைத்துத் தூக்கிப் பாருங்கள். கொஞ்ச நேரம் சொட்டும், பிறகு நின்றுவிடும். இப்போது பிழியாமல், அழுத்தாமல், அதே பஞ்சை மெல்ல நிமிர்த்திச் செங்குத்தாகப் பிடியுங்கள். நின்றுபோன நீர் மறுபடியும் ஒழுகத் தொடங்கும். பஞ்சு மாறவில்லை, அதன் துளைகளும் மாறவில்லை. உயரம் மட்டுமே கூடியிருக்கிறது.

தொட்டியில் மிளகாய் வளர்க்க விரும்பும் யாரிடமும் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். தொட்டி என்பது தோட்டத்து மண்ணின் சிறிய துண்டு என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அங்கே நீர் வேறு விதமாக நடந்துகொள்கிறது.

மண் துகள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடுக்குகள் நீரை இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. தரையில் மண் ஆழமாகத் தொடர்ந்து போவதால், மேலே இருக்கும் நீரைக் கீழே இருப்பது இழுத்துக்கொண்டே செல்லும். தொட்டியில் அந்தத் தொடர்ச்சி அடித்தட்டோடு அறுந்துவிடுகிறது. அடியில் இருக்கும் நீரை இழுக்க அதற்குக் கீழே எதுவும் இல்லை. ஆகவே துளை எத்தனை போட்டாலும், அடியில் சில சென்டிமீட்டர் உயரத்துக்கு மண் சொதசொதவென்று நனைந்தே நிற்கும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது மண்கலவையின் துகள் அளவு. நைசான மண் என்றால் அதிகம், கரடுமுரடான கலவை என்றால் குறைவு. ஒரே கலவையை நிரப்பினால் நெட்டையான தொட்டியிலும் குட்டையான தொட்டியிலும் ஈர அடுக்கின் உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஐந்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 30 சென்டிமீட்டர் தொட்டியில் அது ஆறில் ஒரு பங்கு. 10 சென்டிமீட்டர் தொட்டியில் பாதி.

ஈரம்தானே, நல்லதுதானே என்று தோன்றலாம். வேர் மூச்சுவிட வேண்டுமே! காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவுகிறது. இடுக்குகளெல்லாம் நீரால் அடைபட்டால் வேருக்குக் காற்று கிடைக்காது. ஆற்றல் இல்லாத வேர் நீரை உறிஞ்சாது. நீரில் நின்றபடியே செடி வாடும். இலை தொங்குவதைப் பார்த்த நாம் இன்னொரு குவளை ஊற்றுவோம்.

நான் முதன்முதலில் வைத்த மிளகாய்ச் செடிகளை இப்படித்தான் இழந்தேன். வடிகால் நன்றாக இருக்கட்டும் என்று அடியில் சரளைக்கல் பரப்பி, அதன்மேல் மண்ணை நிரப்பியிருந்தேன். செடியைப் பிடுங்கிப் பார்த்தபோது வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்கள் பழுப்பேறிக் கிடந்தன. ஒன்றை விரலால் உருவினேன். மேல்தோல் உறைபோலக் கழன்று வந்தது, உள்ளே மெல்லிய நூல் மட்டும் மிஞ்சியது. நைசான மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகள் உள்ள சரளைக்குள் நீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க நனைந்த பிறகே சொட்டும். அதாவது, கல் அடுக்கு ஈரத்தை வடிக்கவில்லை, வேர் இருக்கும் இடத்துக்குத் தூக்கிவிட்டது. இன்றும் பலர் கல் போடச் சொல்கிறார்கள். துளைமேல் ஒரு வலைத்துண்டு போதும், மண் கொட்டாது. மாற்ற வேண்டியது கலவையை: தென்னை நார்த்தூள், மக்கிய உரம், இவற்றோடு பெர்லைட் எனப்படும் இலேசான வெள்ளைக் கல்துகள்களோ கரடான நார்த்துண்டுகளோ தாராளமாகச் சேருங்கள்.

தொங்கும் கூடையில் சிக்கல் இரட்டிப்பாகிறது. ஆழம் குறைவு என்பதால் ஊற்றியவுடன் பெரும்பகுதி நனைந்து நிற்கும். ஆனால் மேல், பக்கம், அடி என எல்லாப் புறமும் காற்று தழுவுவதால் சில மணி நேரத்திலேயே காய்ந்தும் போகும். நார் விரிப்பு போட்ட கூடைகள் பக்கவாட்டிலேயே ஈரத்தை ஆவியாக விடுகின்றன. காலையில் வெள்ளம், மாலையில் வறட்சி. இந்த ஏற்ற இறக்கம்தான் குடைமிளகாய் போன்ற பெரிய காய்களின் நுனியில் கருகிய தோல்போன்ற தழும்பை உண்டாக்குகிறது. கால்சியம் செடிக்குள் நீரோட்டத்தோடுதான் பயணிக்கும், நீரோட்டமோ அதிகம் ஆவியாகும் இலைகளை நோக்கியே போகும். காயிலிருந்து ஆவியாவது மிகக் குறைவு. நீர் வரத்து தடுமாறும்போது முதலில் பட்டினி கிடப்பது காயின் நுனி. அதனால் கால்சியம் வாங்கித் தெளிப்பதைவிட நீரைச் சீராகக் கொடுப்பதே பெரும்பாலும் தீர்வு. கூடைக்குச் சிறுகாய் ரகங்களைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

இத்தனைக்கும் நடுவே மிளகாய் கூடைக்குப் பொருந்துவதற்குக் காரணம் அதன் கிளைவிடும் முறை. தண்டு ஒற்றையாக வளர்ந்து, ஏறக்குறைய பத்து இலைகள் விட்டதும் உச்சியில் ஒரு பூ வைத்து முடிந்துவிடும். அந்த இடத்தில் தண்டு இரண்டாகவோ மூன்றாகவோ கவைக்கும். ஒவ்வொரு கிளையும் சற்று வளர்ந்து, ஒரு பூ வைத்து, மீண்டும் கவைக்கும். கவைக்குக் கவை பூ! உயரத்தைவிட அகலம் கூடிக் குடைபோல விரிவதும், ஒரு பூவோடு நிற்காமல் மேன்மேலும் பூப்பதும் இதனால்தான். செடி சிறிதாக இருக்கும்போதே வரும் முதல் பூக்களை நான் கிள்ளிவிடுவேன். மனம் வராதுதான். ஆனால் காய்கள் ஏறியதும் செடி தன் உணவை அவற்றுக்கே கொடுக்கும், வேரும் கிளையும் பின்தங்கிவிடும். பிற்பாடும் இதே கணக்குதான். காய் நிறைந்த செடி புதுப்பூக்களை உதிர்க்கும், பறிக்கப் பறிக்கத் தங்கும்.

பூ உதிர்வுக்கு வெப்பமும் காரணமாகலாம். பகல் 35 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது மகரந்தம் வீரியமிழக்கிறது. இரவு 15 டிகிரிக்குக் கீழே போனாலும் காய் பிடிப்பது பாதிக்கும். மகரந்தச் சேர்க்கைக்குத் தனிக் கவலை வேண்டாம். மிளகாய்ப் பூவில் ஆண், பெண் பாகங்கள் இரண்டும் உண்டு. ஒரு சிறு அசைவே போதும், தொங்கும் கூடைக்கு அதைக் காற்றே கொடுத்துவிடும்.

எப்போது நீர் ஊற்றுவது? மேல்மண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அது காய்ந்திருக்கும்போதே அடி நனைந்திருக்கும். கூடையை அடியில் கைகொடுத்துத் தூக்கிப் பாருங்கள். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. ஊற்றிய உடனே எவ்வளவு கனக்கிறது, காய்ந்தபின் எவ்வளவு என்பதைக் கை ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ளும். உச்சிவெயிலில் இலை தொங்கி, கூடையும் இலேசாக இருந்தால் அது தாகம், உடனே ஊற்றுங்கள். கனமாக இருந்தால் மாலைவரை பொறுங்கள். வேர் அனுப்பும் வேகத்தைவிட இலை ஆவியாக்கும் வேகம் கூடியிருக்கலாம், வெயில் இறங்கினால் தானே நிமிரும். கூடை கனமாக இருந்து, மறுநாள் விடியலிலும் இலை தொங்கியபடியே இருந்தால், வேர் மூச்சுமுட்டுகிறது என்று பொருள். அப்போது கூடையை ஒருபக்கமாகச் சாய்த்துக் கொஞ்ச நேரம் வைத்திருங்கள். நிமிர்த்திப் பிடித்த பஞ்சிலிருந்து ஒழுகியதுபோல, தேங்கிய நீர் தாழ்ந்த விளிம்பு வழியே சொட்டத் தொடங்கும்.